விளிம்புக்கு நகர்ந்த பொத்தான்

துடியலூரில் ஏறியதும் ஜன்னலோர சீட் கிடைத்துவிட்டால் போதும், லாஸ்யாவின் கையில் ஊசி வந்துவிடும். டவுன் பஸ் குலுங்குகிற குலுக்கில் நமக்கெல்லாம் கம்பியை விட்டால் கதி கலங்கிவிடும். அவளோ யூனிஃபார்ம் கோட்டை மடியில் விரித்து, வயிற்றுக்கு நேரே இருக்கும் பொத்தானைப் பிய்த்து, விளிம்புப் பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளித் தைத்துவிடுவாள். போன வாரமும் இதே வேலைதான்.

காந்திபுரத்தில் ஒரு துணிக்கடை, பட்டுப் பிரிவில் அவளுக்கு வேலை. பெண்களுக்கெல்லாம் ஒரே மெரூன் புடவை, மேலே மெரூன் கோட்டு. வருஷத்துக்கு ரெண்டே செட். மழைக்காலத்தில் ஃபேனுக்கடியில் போட்டாலும் காயாது, ஈரத்தோடு மாட்டிக்கொண்டு ஓட வேண்டும். "இந்தத் துணிய எடுத்த மகராசன் ஒரு நாளைக்குப் போட்டுப் பாக்கோணும்" என்று பல்லைக் கடிப்பாள். ஆனால் பெரிய சைஸ் மட்டும் கேட்கமாட்டாள்.

கேட்டால் தெரிந்துபோகும். நாலாம் மாதம். முன்பு மேக்னா என்றொரு பெண் வெள்ளந்தியாகப் பெரிய கோட்டுக் கேட்டாள். சூப்பர்வைசர் வரதராஜுலு, "ஊட்டுல நல்லா ரெஸ்ட் எடுங்க கண்ணு, அப்புறம் பாத்துக்கலாம்" என்று தேனாகப் பேசி அனுப்பிவைத்தார். அவள் குழந்தை இப்போது நடக்கிறது. அவளை யாரும் திரும்பக் கூப்பிடவில்லை. அட, திட்டி அனுப்பினாலாவது சண்டை போடலாம்! லாஸ்யாவின் கணவன் வேலை பார்த்த மில் மூடிக் கிடக்கிறது. இவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது.

அதனால் ஓரிடத்தில் நிற்கமாட்டாள். யாராவது உற்றுப் பார்த்தால் சட்டென்று ஒரு புடவையை உருவி முன்னால் விரித்துக்கொள்வாள். "என்ன சுறுசுறுப்பு அம்மணி!" என்று வரதராஜுலுவே மெச்சுவார். அவள் இன்னொரு புடவையை உருவுவாள்.

முந்தாநாள் கிணத்துக்கடவிலிருந்து ஒரு கல்யாண வீட்டார் வந்திருந்தார்கள். "ஏனுங்க, மேல போட்டுக் காட்டுங்க" என்றார் பெண்ணின் அம்மா. லாஸ்யா கோட்டின் மேலேயே பட்டுப் புடவையைக் கொசுவி, முந்தானையைத் தோளில் போடக் கையைத் தூக்கினாள். பொத்தான் தெறித்து வரதராஜுலுவின் காலடியில் விழுந்தது. எடுத்தவர், அவள் வயிற்றைப் பார்த்துவிட்டார்.

"ஏங் கண்ணு, சொல்லவேயில்லியே? ஊட்டுல நல்லா..."

"ரெஸ்ட்டெல்லாம் வேண்டாமுங்க." குரல் தளம் முழுக்கக் கேட்டது. பட்டுப் புடவையை உருவி வைத்துவிட்டு, கோட்டைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள். "ரெண்டு சைஸ் பெருசாக் குடுங்க. நாளைக்கும் வாரேனுங்க, நாளன்னிக்கும் வாரேனுங்க."

அவர் வாய் திறப்பதற்குள், வாடிக்கையாளருக்கென்று போட்டிருந்த, கடைப் பெண்கள் யாரும் உட்காரக் கூடாத நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்தபடியே அடுத்த பட்டை உதறி விரித்தாள்.