'வே'யும் 'ங்க'வும்

எங்கள் தெருக்காரர்கள் போனில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். போன வாரம் அதில் ஒருவர் இன்னொருவரை 'மடையா' என்று எழுதிவிட்டார். அடுத்த நிமிஷம் ஆளை நீக்கிவிட்டார்கள். அதற்கு முந்தின வாரம் இதே வார்த்தையை அட்மினுடைய மைத்துனர் எழுதியபோது, எல்லோரும் சிரிக்கிற மூஞ்சி போட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆளுக்கு ஒரு சட்டம் என்றால் அதற்குப் பெயர் சட்டமா? எங்கள் பூப்பந்துக் குழுவில் ஒரு கல் இருந்தது. இவர்களுக்கு அது இல்லாததுதான் குறை.

எழுபதுகளின் கடைசி. சங்கரன்கோவிலில் ஒரு அரசாங்க அலுவலகத்துக்குப் பின்னால் உள்ள மைதானத்தில் சாயங்காலம் கூடி ஆடுவோம். ஆட்டத்தில் யாராவது கெட்ட வார்த்தை பேசினால், வெளிவாசலை ஒட்டிக் கிடந்த கல்லில் போய் உட்கார வேண்டும். ஒரு முழு ஆட்டம் முடிகிறவரை எழுந்திருக்கக் கூடாது. 'கல்லுக்குப் போ' என்று சொன்னால் வாதாடவும் கூடாது. பஸ் படிக்கட்டில் விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டதால் எனக்கு ஓட முடியாது. ஆகவே விசில் என்னிடம் இருந்தது. கோபக்காரன் கையில் போய் விசிலைக் கொடுத்தீர்களே என்று சிலர் முணுமுணுத்தது என் காதிலும் விழுந்தது.

கல்லை அதிகம் தேய்த்தவர் இரும்புக்கடை அண்ணாச்சிதான். பகலெல்லாம் ஆணியும் சங்கிலியும் எடை போட்டுவிட்டு வருவார். பந்து தவறினால் வாயிலிருந்து ஒன்று வந்துவிடும். நான் விசிலை வாயில் வைப்பதற்குள் அவரே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடப்பார். 'போறேன் வே, ஊதி உமக்கு மூச்சு போயிரப் போவுது' என்பார்.

அப்போதுதான் அந்த அலுவலகத்துக்குக் கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து புது அதிகாரி வந்தார். மைதானத்தின் சாவி அவர் பொறுப்பில்தான். அவருக்கும் பூப்பந்துப் பைத்தியம் என்று தெரிந்து நாங்கள் சந்தோஷப்பட்டோம். அந்தச் சந்தோஷம் முதல் ஆட்டம்வரை நீடித்தது. அவர் அடித்த பந்து வலையில் விழுந்தது. அண்ணாச்சி, 'என்ன வே, பந்தை வலையிலயே கொண்டு வைக்கீரு' என்றார்.

அதிகாரி மட்டையைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் வந்தார். 'ஏனுங்க, என்னைய "வே"ங்கறாருங்க. இதெல்லாம் கல்லு இல்லீங்களா?'

'சார், "ஏலே" சொன்னாத்தான் சார் குறைச்சல். "வே" மரியாதை. சமமா நினைக்கப்போயித்தான் சொல்லுதாரு.'

அவர் நம்பவில்லை. எங்கள் ஆட்கள் என்னைத் தனியே இழுத்துக்கொண்டு போனார்கள். 'சாவி அவருகிட்ட இருக்கு வே. அண்ணாச்சியை ஒரு ஆட்டம் உக்கார வச்சா என்ன கொறஞ்சா போவுது?' என்றார்கள். மைதானம் போனால் எங்களுக்கு வேறு இடம் கிடையாது. ஊருக்கு வெளியே போனால் கரிசல். ஒரு மழை பெய்தால் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். அதற்காக அண்ணாச்சியை மட்டும் அனுப்புவதா? எனக்கு வீம்பு வந்துவிட்டது. 'சரி சார். "வே" தப்புன்னா எல்லாருக்கும் தப்பு. நாளையிலேருந்து யாரு சொன்னாலும் கல்லு' என்றேன்.

மறுநாள் ஆட்டம் சூடு பிடிப்பதற்குள் அண்ணாச்சி போனார். 'பாவம் வே' என்ற அலுவலக டைப்பிஸ்டும் பின்னால் போனார். 'நல்லா மாட்டினீரு வே' என்று சிரித்தவரும் போனார். கல்லில் இடம் போதாமல் தரையில் உட்கார்ந்தார்கள். கடைசியில் தனியாக மிஞ்சிய அதிகாரி அடித்த பந்து கோட்டுக்கு வெளியே விழுந்தது. 'அவுட்டு வே' என்றேன். சொன்னவன் நான். நானே விசிலை ஊதிவிட்டு நொண்டி நொண்டிப் போய் அவர்களோடு உட்கார்ந்தேன். மட்டையும் கையுமாக அதிகாரி மட்டும் மைதானத்தில் நின்றார். சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, 'சரிங்க, "வே" இருந்துட்டுப் போகட்டுங்க' என்றார்.

அன்றைக்கே விதியைத் திருத்தினோம். எந்த வார்த்தையாக இருந்தாலும் சரி, ஆளைத் தாழ்த்தினால் கல்லு. அதிகாரியும் தலையாட்டினார்.

புளியங்குடிக் குழுவோடு போட்டி நெருங்கிக்கொண்டிருந்த சமயம். ஒரு சாயங்காலம் அண்ணாச்சி கைக்கு வந்த பந்தை விட்டார். அடுத்ததையும் விட்டார். அதே பக்கம் ஆடிய அதிகாரி திரும்பி, நிதானமாக, 'அண்ணாச்சி, உங்க புத்திக்கு ஆணி எடை போடறதுதானுங்க சரி. பந்தெல்லாம் உங்களுக்கு எதுக்குங்க?' என்றார்.

வாய் ஓயாத அண்ணாச்சி மட்டையின் நரம்பை விரலால் நெருடிக்கொண்டு நின்றார். பக்கத்திலிருந்தவர் என் சட்டையைப் பிடித்து இழுத்து, 'பேசாம விடும் வே, சாவி' என்றார். நான் ஊதிவிட்டேன்.

'கல்லுக்குப் போங்க சார்.'

'நான் "ங்க" போட்டுத்தானுங்களே பேசினேன்?'

'வாழைப்பழத்துல ஏத்துனாலும் ஊசி ஊசிதான சார்.'

அவர் முகம் சிவந்துவிட்டது. ஆனால் போய் உட்கார்ந்தார். அந்த ஆட்டம் பாதியில் இருக்கும்போதே இருட்டிவிட்டது. எங்களையெல்லாம் வெளியே விட்டு, கேட்டைப் பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு சைக்கிளில் போனார்.

மறுநாள் எங்களுக்கு முன்னால் வந்து திறந்து வைக்கிறவரைக் காணோம். கேட்டில் பூட்டு தொங்கியது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். யாருக்காக ஊதினேனோ அந்த அண்ணாச்சியே என் மேல் பாய்ந்தார். 'பெரிய நீதிமான் வே நீரு. உம்ம நீதியைக் கொண்டு போயி புளியங்குடி எலுமிச்சைத் தோட்டத்துக்குத் தண்ணியாப் பாய்ச்சும்.' திரும்பிப் போகலாம் என்று நடக்கத் தொடங்கினோம்.

அப்போது சைக்கிள் வந்தது. டயர் பஞ்சர் ஆகித் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறார். சட்டை முழுக்க வியர்வை. நேராக வந்து சாவியை அண்ணாச்சி கையில் கொடுத்தார். நாங்கள் உள்ளே போனோம். அவர் வாசலருகே இருந்த கல்லைக் கைக்குட்டையால் தட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

அண்ணாச்சி பூட்டும் கையுமாகத் திகைத்து நின்றார். பிறகு குரல் கொடுத்தார். 'எந்திச்சு வாரும் வே, ஆளு குறையுதுல்லா.'

அதிகாரி அசையவில்லை.

'நேத்துப் பாதியில வெளிச்சம் போயிருச்சுங்களே. எனக்கு இன்னும் பாதி ஆட்டம் பாக்கி இருக்குதுங்க வே.'