மூன்று வீட்டு வெந்நீர்

ஹைதராபாத்துக்கு வரும்வரை எனக்கு வெந்நீர்க் குளியல் என்பது காய்ச்சல் விட்ட மறுநாள் சமாச்சாரம். மதுரையில் மார்கழியிலும் குழாயைத் திறந்து அப்படியே ஊற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் போனவள் நான். இங்கே வந்த முதல் டிசம்பரில், ஒரு செம்புத் தண்ணீர் தோளில் பட்டதும் குளியலறையிலிருந்து அலறியது அடுத்த தெருவரை கேட்டிருக்கும். அன்று மாலையே என் கணவர் ஒரு கீசர் வாங்கி வந்து மாட்டினார்.

திருமுல்கேரியில் எங்களுடையது மூன்று வீடுகள் மட்டுமே உள்ள சின்னக் கட்டடம். நாங்கள் நடு மாடி. மேல் மாடியில் ஒரு தெலுங்குத் தம்பதி. இருவரும் கல்லூரியில் பாடம் நடத்துகிறவர்கள். கீழே, ரயில்வே வொர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு தமிழரும் அவர் மனைவியும். எங்களுக்கு அங்கிள், ஆன்ட்டி. இரண்டு தலைமுறையாக செகந்திராபாத்தில் இருக்கும் குடும்பம். அவர்கள் தமிழில் நாலு வார்த்தைக்கு ஒரு 'நக்கோ' வந்துவிடும்; 'வேண்டாம்' என்பதற்கு இந்த ஊர் உருது.

போன ஜனவரியில் மீட்டர் பார்க்க வந்தவர் அச்சடித்துக் கொடுத்த நீளச் சீட்டை என் கணவர் இரண்டு முறை படித்தார். பிறகு என்னிடம் நீட்டினார். பிறகு இருவரும் சேர்ந்து குளியலறைக் கதவைப் பார்த்தோம். உள்ளே எட்டாம் வகுப்புப் படிக்கும் எங்கள் மகள் அரை மணி நேரமாக ஷவரின் கீழ் நின்று பாடிக்கொண்டிருந்தாள்.

"வெளிய வாடி! கரண்ட் பில்லப் பாத்தியா?"

"மம்மீ, ஃபைவ் மினிட்ஸ்!"

அன்றிலிருந்து வீட்டில் புதுச் சட்டம். ஷவர் கிடையாது, வாளிதான். மூவரும் ஒருவர் பின் ஒருவராக உடனே குளிக்க வேண்டும். ஆளுக்கொரு நேரத்தில் கீசரைப் போடக் கூடாது. மகள் எதிர்ப்பாள் என்று நினைத்தேன். அவளோ சந்தோஷமாக ஒரு அட்டவணை எழுதிக் கதவில் ஒட்டி, கையில் கடிகாரத்தோடு நின்று அப்பாவை விரட்டினாள். அடுத்த மாதச் சீட்டு கொஞ்சம் குறைந்து வந்தது. ஆனால் நாங்கள் பட்ட பாட்டுக்கு அது போதவில்லை.

கீசரில்தான் ஏதோ கோளாறு என்று மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். அவர் அதைக் கழற்றி மொட்டை மாடிக்குத் தூக்கிப்போய்த் திறந்தார். உள்ளே சூடேறும் கம்பியே கண்ணுக்குத் தெரியவில்லை. எங்கள் போர் தண்ணீரின் உப்பெல்லாம் அதன்மேல் விரல் தடிமனுக்குப் படிந்து வெள்ளை வெளேரென்று கிடந்தது. சுரண்டச் சுரண்ட இரண்டு கைப்பிடி தேறியது. இத்தனை நாள் நாங்கள் தண்ணீரைச் சுட வைக்கவில்லை, இந்தச் சுண்ணாம்பைத்தான் சுட வைத்திருக்கிறோம்.

வேலை முடிந்து, மாடியில் கிடந்த கறுப்பு ரப்பர் குழாயில் கை கழுவப் போனவர் "அரே பாப்ரே!" என்று துள்ளிக் குதித்தார். வெயிலில் கிடந்த குழாய்க்குள் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. கையை உதறியபடியே அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். தலைக்குமேல் இவ்வளவு பெரிய அடுப்பு எரிகிறது, நாங்கள் கம்பியை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுகிறோம்.

மூன்று வீட்டுக்கும் பொதுவாக ஒரு சோலார் ஹீட்டர் போட்டால் என்ன என்ற யோசனை அங்கேதான் வந்தது. மேல் மாடிக்காரர்கள் கேட்டவுடன் சரி என்றார்கள். ஆனால் மொட்டை மாடி பொது இடம். மூன்று வீடும் சம்மதிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை எல்லோரும் மாடிப்படியில் கூடினோம். அங்கிள் முதல் வார்த்தையிலேயே கையை ஆட்டிவிட்டார்.

"நக்கோம்மா. நமக்கு அதெல்லாம் வேணாம். எதுக்கு வெந்நீர்? நாப்பது வருஷமா பச்சத் தண்ணிதான். டிசம்பர், ஜனவரி, எதுவா இருந்தாலும் சரி. ஒடம்பு எப்படி இருக்குது பாரு!" என்று மார்பில் ஒரு தட்டுத் தட்டிக் காட்டினார்.

"ஆன்ட்டிக்காவது ஆகுமே அங்கிள்," என்றேன்.

"அவளும் அதேதான்."

ஆன்ட்டி படியில் உட்கார்ந்து முந்தானையால் வாயை மூடிக்கொண்டிருந்தார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று எனக்குப் பதறிவிட்டது. பார்த்தால், சிரிக்கிறார். அடக்க முடியாமல், கண்ணில் நீர் வர, சத்தமாகவே சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"என்னாடி?" என்றார் அங்கிள்.

"பச்சத் தண்ணியா? ஒரு வருஷம் நெஞ்சுல சளி கட்டிக்கினு பத்து நாள் படுத்தீங்களே, ஞாபகம் இருக்குதா? அதுலேருந்து தெனம் காலைல நீங்க எழுந்திருக்கறதுக்கு முன்னால ஒரு குண்டான் சுடுதண்ணி உங்க பக்கெட்டுல ஊத்தறேன். குளிர் போற அளவுக்கு மட்டும். ஆவி வந்தா கண்டுபிடிச்சிருவீங்கல்ல?"

எல்லோரும் அங்கிளைப் பார்த்தோம். அங்கிள் முகம் சிவந்தது. மனிதர் கோபித்துக்கொண்டு இறங்கிப் போய்விடுவார் என்றே நினைத்தேன்.

"ஹவ்? நெசமாவா?" என்றார் மெதுவாக. "போர் தண்ணின்னா இப்படித்தான் இருக்கும்னு நெனச்சேனே." பிறகு தலையைச் சொறிந்தபடி, "அதான் சிலிண்டர் சீக்கிரம் சீக்கிரம் தீந்து போச்சா? எடை கொறைச்சல்னு அந்த சிலிண்டர் போடற ஆள்கிட்ட மாசா மாசம் சண்டை போடறேனே!"

அவ்வளவுதான். மேல் மாடிக்காரர்களுக்கு என் மகள் தெலுங்கில் மொழிபெயர்த்து முடிப்பதற்குள் அங்கிளே விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார். பிறகு ஆன்ட்டியின் கைகளைப் பார்த்தார். முட்டி முட்டியாக வீங்கிய விரல்கள். "இந்தக் கையோட தெனம் குண்டான் தூக்கினியா நீ?" என்று கேட்டார். ஆன்ட்டி விரல்களை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். அங்கிள் என் பக்கம் திரும்பினார்.

"போடும்மா சோலார். பெரிசாவே போடு."

அதன்பிறகு அந்த வேலை எங்கள் கையை விட்டுப் போய்விட்டது. தொட்டியும் தகடுகளும் வந்திறங்கிய நாள் முழுதும் பழைய ஃபிட்டர் மாடியிலேயே நின்றார். இணைப்பு ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்தார். கீழே வரும் குழாயில் சூடு வீணாகக் கூடாது என்று மேலிருந்து தரைவரை பஞ்சு உறை சுற்ற வைத்தார். மாட்ட வந்தவர்கள் சாயங்காலம் கிளம்பும்போது அவரை "உஸ்தாத்" என்று கூப்பிட்டார்கள்.

மறுநாள் முழுதும் வெயில் காய விட்டோம். அதற்கடுத்த நாள் காலையில், முதல் குளியல் யாருக்கு என்பதில் யாருக்கும் சந்தேகமே இல்லை. ஆன்ட்டி உள்ளே போனார். நாங்கள் எல்லோரும் கீழ் வீட்டுக் கூடத்தில் கல்யாண வீடு மாதிரி உட்கார்ந்திருந்தோம். குழாயில் நின்ற குளிர்ந்த தண்ணீர் ஒரு வாளி போயிற்று. அதை வீடு துடைக்க வைத்துக்கொள் என்று வெளியிலிருந்தே அங்கிள் கத்தினார். அப்புறம் கதவிடுக்கில் ஆவி வந்தது. என் மகள் கைதட்டினாள்.

வெகு நேரம் கழித்து ஆன்ட்டி தலையில் துண்டோடு வெளியே வந்தார். முகமெல்லாம் இளஞ்சிவப்பு. "வெளிய வரவே மனசு இல்லம்மா," என்றார் என்னிடம், ஏதோ தப்புச் செய்துவிட்டவர் போல. அங்கிள் அவருக்காக டீ போட்டு வைத்திருந்தார். அதில் சர்க்கரை போட மறந்திருந்தார். ஆன்ட்டி கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

இப்போது வெயில் காயும் நாட்களில் மேல் இரண்டு வீட்டிலும் கீசர் சுவிட்சையோ, கீழ் வீட்டில் வெந்நீர்க் குண்டானையோ யாரும் தொடுவதில்லை. ஜூலை, ஆகஸ்டில்தான் தொட்டி கொஞ்சம் சுணங்கும். அதற்கும் அங்கிள் ஒரு வழி வைத்திருக்கிறார். விடிந்ததும் மாடிக்குப் போய்த் தொட்டிக் குழாயைத் திறந்து விரலை வைத்துப் பார்த்துவிட்டு, படியில் இறங்கிக்கொண்டே ஒவ்வொரு கதவாகத் தட்டிச் சொல்வார்: "வெதுவெதுன்னுதான் இருக்குது, கீசர் பத்து நிமிஷம் போடு!" அல்லது, "ஃபர்ஸ்ட் கிளாஸ், குளி!" அந்தக் குரல் கேட்காமல் எங்கள் வீட்டில் யாரும் துண்டைக் கையில் எடுப்பதில்லை.