காலையில் பின்னி, சாயங்காலம் பிரித்து

ஷூ மேல்பாகம் தைப்பதில் அன்னம்மாக்காவை மிஞ்ச ஆம்பூரில் ஆளில்லை. பக்கத்து மிஷின்காரி என்பதால் நான் இப்படிச் சொல்கிறேன் என்பார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும். புருஷன் போன பிறகு அந்த மிஷினை வைத்தே இரண்டு பெண்களைப் படிக்க வைத்தாள். சின்னவளுக்குக் காலேஜ் இன்னும் முடியவில்லை.

போன வருஷம் அமெரிக்க ஆர்டர் நின்றதும் கம்பெனியில் எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பிறகு வேலை போன பெண்களுக்கென்று சர்க்கார் பயிற்சி ஒன்று வந்தது. துண்டுத் தோலை நாடாவாக நறுக்கிச் சாவிக்கயிறு பின்ன வேண்டும். வந்த நாளுக்குப் படி உண்டு. சொல்லிக்கொடுக்க அக்காவைப் போட்டார்கள்.

கயிற்றை வாங்கத்தான் நாதியில்லை. கொடுத்த தோலும் ஒரே மூட்டை. அது தீர்ந்தால் பயிற்சி முடிந்தது என்று படியை நிறுத்திவிடுவார்கள். அதனால் காலையில் பின்னியதைச் சாயங்காலம் பிரிக்கச் சொன்னாள் அக்கா. மறுநாளும் அதே நாடா. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இதெல்லாம் ஒரு பொழைப்பா என்று கத்தியிருக்கிறேன். அவள் பாட்டுக்கு அடுத்த கயிற்றைப் பிரிப்பாள்.

ஒரு சாயங்காலம், நாங்கள் பிரித்துக்கொண்டிருக்கும்போது, சொல்லாமல் கொள்ளாமல் அதிகாரி வந்து நின்றார். பார்த்துவிட்டு, கூட வந்தவரிடம் 'பூன்டாகிள்' என்று சொல்லிச் சிரித்தார்.

அவர் போனதும், எங்களோடு பின்னும் மோகனா அந்த வார்த்தையைப் போனில் தேடினாள். உபயோகமில்லாத வேலைக்குக் காசைக் கொட்டுவது என்று அர்த்தமாம். முதலில் அமெரிக்காவில் சாரணர் பையன்கள் போட்டுக்கொண்ட பின்னல் கயிற்றுக்குத்தான் அந்தப் பெயர். தோலிலும் பின்னுவார்களாம். தொண்ணூறு வருஷம் முன்னால் அங்கே ஜனங்களுக்கு வேலையில்லாமல் போனபோது, சர்க்கார் செலவில் கைவேலை கற்றுக்கொடுத்ததில் இதுவும் இருந்ததாம். பத்திரிகைக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டு கேலி செய்தார்கள். அன்றிலிருந்து தண்டச் செலவுக்கே அது பெயராகிவிட்டது.

நான் அந்த அதிகாரியைத் திட்டித் தீர்த்தேன். அக்கா மட்டும் நிதானமாகக் கேட்டாள்.

"அந்த ஜனங்க வூட்ல அன்னிக்கு அடுப்பு எரிஞ்சுதாம்மா?"

அதைப் பற்றிப் போனில் ஒன்றும் இல்லை என்றாள் மோகனா.

மாசக் கடைசியோடு பயிற்சியை நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்தது. கடைசி நாள் சாயங்காலம், பழக்க தோஷத்தில் நான் முடிச்சை அவிழ்க்கப் போனேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வுடு அம்பிகா. இனிமே பிரிக்க வேணாம்."