கர்ச்சீப் போட்ட நாற்காலிகள்

பஸ்ஸில் கர்ச்சீப் போட்டு சீட் பிடிப்பதில் என்னை மிஞ்ச அன்றைக்குப் புதுச்சேரியில் ஆள் கிடையாது. இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன். சேதராப்பட்டு வண்டி புது பஸ் ஸ்டாண்டுக்குள் திரும்பும்போதே நானும் கூட ஓட ஆரம்பித்துவிடுவேன். வண்டி நிற்பதற்குள் மூன்றாவது ஜன்னல் வழியாக என் கர்ச்சீப் விழுந்திருக்கும், அதற்குப் பக்கத்து சீட்டில் சாப்பாட்டுப் பை. அப்புறம் நிதானமாகப் படியேறிப் போவேன். விழுந்த கர்ச்சீப்பை எடுத்துப் போட்டுவிட்டு உட்கார ஒருவருக்கும் தைரியம் வராது. வயிற்றுப் பிள்ளைக்காரி வந்தால் நாமே எழுந்து கொடுப்போம், அது வேறு. மற்றபடி கர்ச்சீப் விழுந்த சீட் விழுந்ததுதான். போலீஸ்காரர் ஏறினாலும் இதுதான் சட்டம்.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய வருடங்கள் அவை. சேதராப்பட்டு தொழிற்பேட்டையில் பாட்டில் மூடி செய்யும் கம்பெனி ஒன்றில் எனக்கு வேலை. மெஷின் துப்பும் மூடிகளில் கோணலானதைக் கழித்துவிட்டு மற்றதைப் பெட்டியில் அடுக்க வேண்டும். இதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. காலையில் கிளம்பி, என் சிநேகிதிகளோடு வம்பளந்துகொண்டு போய், கை ஓயும்வரை வேலை செய்து, சாயங்காலம் பாட்டு அலறும் பஸ்ஸில் சிரித்துக்கொண்டு திரும்புவது பிடித்திருந்தது. லைன் லீடர் ஆக்குவதாக சூப்பர்வைசர் வேறு சொல்லியிருந்தார்.

வீடு முதலியார்பேட்டையில். என் வீட்டுக்காரர் பெயிண்டர். அவருடைய அம்மா பேசினால் அம்மா பக்கம் தலையாட்டுவார், நான் பேசினால் என் பக்கம். ஆக, வீட்டில் முடிவெடுப்பது என் மாமியார், அதாவது அத்தைதான். அத்தையிடம் மூக்குக்கண்ணாடி வைக்கும் பச்சைக் கண்ணாடிக் கூடு ஒன்று உண்டு. தூங்கும்போது தவிர அதைக் கையை விட்டு இறக்கமாட்டார். பேரப்பிள்ளைகள் தொட்டால்கூட அடி விழும். பேசும்போது அந்தக் கூட்டால் தொடையில் தட்டிக்கொண்டே பேசுவார். தட்டு பலமாக விழுந்தால் முடிவு சொல்லப்போகிறார் என்று அர்த்தம்.

அந்த வருடம் எங்கள் சாயங்கால வண்டி கண்ணாமூச்சி ஆட ஆரம்பித்தது. இன்றைக்கு வரும், நாளைக்கு வராது. கேட்டால் ஸ்பேர் இல்லை, டயர் இல்லை, டிரைவர் இல்லை. வராத நாட்களில் டெம்போதான். ஆறு பேர் உட்காரும் இடத்தில் பன்னிரண்டு பேரை அடைத்து, மிச்சப் பேரைத் தொங்கவிட்டு ஓட்டுவார்கள். தெரியாத ஆண்களின் முழங்காலுக்கும் முதுகுக்கும் நடுவில் மூச்சை அடக்கிக்கொண்டு வர வேண்டும். ஒரு நாள் வளைவில் நான் கீழே விழுந்தேன். பெரிய அடி இல்லை, முட்டி வீங்கிவிட்டது, புடவை கிழிந்துவிட்டது.

அத்தை வெந்நீர் ஒற்றடம் கொடுத்தார். கொடுத்து முடித்ததும் கண்ணாடிக் கூடு தொடையில் பலமாக விழுந்தது.

"பஸ்ஸுன்னா போ. நான் வேணாங்கல. டெம்போவுல தொங்கிக்கினுதான் போவணும்னா இந்தப் பொங்கலோட வேலைய விட்டுடு. நீ மூடி பொறுக்கலன்னா ஊரு ஒண்ணும் நின்னுடாது."

கோபத்தில் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். எனக்கு வாய் கொஞ்சம் அதிகம்தான். ஆனால் அவர் பயத்தில் சொன்னார். பயந்து போனவரோடு எப்படிச் சண்டை போடுவது? பஸ்ஸைக் காப்பாற்றினால்தான் வேலையைக் காப்பாற்ற முடியும் என்று முடிவு செய்தேன்.

ஊரிலும் அப்போது பஸ் பேச்சாகவே இருந்தது. தனியார் முதலாளிகள் ஓட்டும் பழைய பெரிய பஸ்களை என்ன செய்வது? அவற்றை ஓரங்கட்டிவிட்டு சின்ன வேன்களுக்கு பெர்மிட் கொடுக்கலாம் என்றது ஒரு கட்சி. அரசாங்கமே புதிதாகப் பெரிய பஸ் வாங்கி ஓட்டட்டும் என்றது இன்னொரு கட்சி. டீக்கடையில், சலூனில், மீன் வாங்கும் இடத்தில்கூட இதே வழக்குதான். பெரிய பஸ் புகை கக்குகிறது, தெருவை அடைக்கிறது என்று பேசியவர்கள் முக்கால்வாசிப் பேர் ஸ்கூட்டரில் சாய்ந்துகொண்டு பேசினார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கடைசியில் மக்கள் கருத்தைக் கேட்கக் கூட்டம் போட்டார்கள். எங்கே? கடற்கரைப் பக்கத்து மண்டபத்தில். அந்தப் பக்கம் பஸ்ஸே போகாது. எப்போது? வேலை நாளில், மதியம் மூன்று மணிக்கு. இப்படி ஓர் இடத்தையும் நேரத்தையும் தேடிப்பிடிக்கத் தனி மூளை வேண்டும்.

சாயங்காலம்வரை வேலை உள்ள ஜெனரல் ஷிப்ட் பெண்களுக்கு கம்பெனி அனுமதி தரவில்லை. ஆனால் ஷிப்ட் வாரத்துக்கு வாரம் மாறும்; அந்த வாரம் எங்களைப் போல இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்து வரும் பெண்கள் தொழிற்பேட்டை முழுக்க நிறைய பேர் இருந்தார்கள். அவர்கள் பஸ் பிடித்து, ஸ்டாண்டில் இறங்கி, கடற்கரைக்கு நடந்து வருவதற்குள் பாதிக் கூட்டம் முடிந்திருக்கும். பின்னால் சுவரோரம் நிற்க வேண்டியதுதான். மைக் முன்வரிசையோடு நின்றுவிடும் என்பது யாருக்குத்தான் தெரியாது?

"லேட்டா போயி என்னாடி பண்றது? சீட்டு கெடைக்காதே" என்றாள் பக்கத்து மெஷின்காரி.

சீட் என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதற்கா கவலைப்படுவது? கூட்டத்தன்று எனக்கு வார விடுப்பு. முந்தின நாளே எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். பஸ்ஸிலேயே கட்டைப்பை ஒன்று சுற்றி வந்தது. கர்ச்சீப், சாப்பாட்டுப் பை, குடை, துப்பட்டா, தண்ணீர் பாட்டில் எல்லாம் விழுந்தன. ஒருத்தி தலையிலிருந்து சீப்பை உருவிப் போட்டாள்.

மறுநாள் மண்டபம் திறந்ததும் நான் உள்ளே போனேன். முன்னால் இருந்து நான்கு வரிசை. ஒவ்வொரு நாற்காலியிலும் பையிலிருந்து ஒவ்வொரு பொருளாகப் போட்டுக்கொண்டே போனேன். வாட்ச்மேன் ஓடி வந்தார்.

"என்னாம்மா இது? கடை போடுறியா?"

"சீட்டு பிடிக்கிறேண்ணா. ஆளுங்க பஸ்ல வந்துகினு இருக்காங்க."

அவர் நாற்காலிகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தலையைச் சொறிந்தார். பிறகு வெளியே போய் உட்கார்ந்துகொண்டார். அவரும் பஸ்ஸில் வருகிறவர்தான் போலிருக்கிறது.

மூன்று மணிக்கு மண்டபம் நிரம்பியது. பஸ் முதலாளிகள் சார்பில் ஒருவர் வெள்ளை வேட்டி சரசரக்க, நான்கைந்து ஆட்களோடு வந்தார். முதல் வரிசை நடு நாற்காலியில் இருந்த சாப்பாட்டுப் பையைப் பார்த்து அதை எடுக்கக் குனிந்தார். நான் இரண்டே எட்டில் அங்கே போய் நின்றேன்.

"சார், ஆளு வருது."

"எங்கம்மா ஆளு? காலியாத்தான இருக்கு?"

"பை இருக்குல்ல சார்?"

அவர் பையில் கை வைத்தார். அவருடன் வந்த கண்டக்டர் ஒருவர், தன் முதலாளியிடம் பேசுகிறோம் என்பதையும் மறந்து, "முதலாளி, வேணாம். சீட்டு போட்டுட்டாங்க" என்றார். வருடக்கணக்காகப் பஸ்ஸில் இந்தப் பஞ்சாயத்தைத் தீர்த்து வைத்த வாயிலிருந்து வார்த்தை தானாக வந்துவிட்டது. சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். முதலாளி கையை எடுத்துக்கொண்டு ஐந்தாவது வரிசைக்குப் போனார். அன்றைக்கு எனக்குக் கிடைத்த முதல் வெற்றி அது.

கூட்டத்தை நடத்த வந்த போக்குவரத்து அதிகாரி மேடையில் உட்கார்ந்ததும் முன்வரிசைகளைப் பார்த்து முகம் சுளித்தார்.

"இதெல்லாம் யாரோடது?"

நான் எழுந்தேன். "பஸ்ல போறவங்களோடது சார். பஸ்ஸைப் பத்திப் பேசறதுக்குத்தான் வர்றாங்க. பஸ்தான் இன்னும் வரல."

மண்டபமே சிரித்தது. அதிகாரி சிரிக்கவில்லை. "நேரத்துக்கு வராதவங்களுக்காகக் காத்திருக்க முடியாது. அதை எடுத்துடுங்க, நிக்கிறவங்க உட்காரட்டும்" என்றார். ஓரத்தில் நின்ற இரண்டு பேர் உடனே முன்னால் நகர்ந்தார்கள். நான்கு வரிசையையும் ஒற்றை ஆளாக எப்படிக் காப்பது?

அப்போது பக்கவாட்டில் ஒரு கைத்தடி தரையில் தட்டியது. பிரெஞ்சு அரசாங்கத்தின் பென்ஷன் வாங்கும் பெரியவர் ஒருவர், பஸ் போகும் தெருவில் குடியிருப்பவர். பெரிய பஸ் கூடவே கூடாது, அதன் அதிர்வில் வீட்டுச் சுவர் விரிசல் விடுகிறது என்று எல்லாக் கூட்டத்திலும் சண்டை போடுகிறவர். எல்லோரும் அவரை முசியே, அதாவது பிரெஞ்சில் ஐயா, என்றுதான் கூப்பிடுவார்கள். அவரும் நின்றுகொண்டுதான் இருந்தார்.

"பெரிய பஸ் வேணாம்னு சொல்றவன் நான்" என்றார் முசியே. "அதுக்காகத்தான் வந்திருக்கேன். ஆனா எதிராளி வராதப்போ ஜெயிச்சேன்னு வீட்டுக்குப் போனா எனக்கு அசிங்கம். பயணி இல்லாம பஸ்ஸைப் பத்தி என்ன பேச்சு? அவங்க சீட்டு அப்படியே இருக்கட்டும். நான் நிக்கிறேன்."

எண்பது வயதுக்காரர் நிற்கிறேன் என்ற பிறகு யார் உட்காருவது? முன்னால் வந்த இரண்டு பேரும் பின்வாங்கினார்கள். அதிகாரியும் தன் காகிதங்களைப் புரட்ட ஆரம்பித்தார். எனக்கென்று போட்டிருந்த நாற்காலியை இழுத்து முசியேவுக்குக் கொடுத்தேன். "மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி சொல்லி உட்கார்ந்தார்.

வேன் கட்சி பேசியது. முதலாளி பேசினார், கட்டுப்படியாகவில்லை என்றார். நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பஸ் பழுதாகியிருந்தால் என்ன செய்வது? இந்தக் கர்ச்சீப்களைத் திரும்ப அள்ளிக்கொண்டு எந்த முகத்தோடு வெளியே போவது? பொங்கலோடு என் வேலையும் போய்விடும்.

அப்புறம் செருப்புச் சத்தம் கேட்டது. வந்துவிட்டார்கள். நீல ஓவர்கோட்டைக்கூடக் கழற்றாமல், வியர்வையில் நனைந்து, வாசலை அடைத்துக்கொண்டு வந்தார்கள். ஸ்டாண்டில் டெம்போக்காரர்கள் கூப்பிட்டும் ஏறாமல் அத்தனை பேரும் நடந்தே வந்திருந்தார்கள். கூச்சப்பட்டு நிற்பார்கள் என்று நினைத்தேன். எங்கே! அவரவர் கர்ச்சீப்பை, குடையை, துப்பட்டாவைத் தேடிப்பிடித்து எடுத்துக்கொண்டு ஜம்மென்று உட்கார்ந்தார்கள். சீப்புக்காரி சீப்பைத் தலையில் சொருகிக்கொண்டு உட்கார்ந்தாள். நான்கு வரிசையும் நிரம்பிவிட்டது.

"உங்க தரப்புல யாரு பேசறீங்க?" என்றார் அதிகாரி. நான்கு வரிசையும் என் பக்கம் திரும்பியது.

மைக்கைப் பிடித்தேன். தயார் செய்து வைத்திருந்ததெல்லாம் மறந்துவிட்டது. மனதில் இருந்தது மட்டும் வந்தது.

"சார், இதோ உக்காந்திருக்காங்களே, நாங்க இத்தினி பேரும் ஒரே வண்டில வர்றோம். அதான் சார் எங்க தைரியம். ஒருத்தன் வாலாட்டினா அம்பது வாய் சேர்ந்து கேட்போம். இதே எங்களைப் பிரிச்சு வேனுக்கு மூணு பேர், நாலு பேர்னு போட்டீங்கன்னா, அந்த மூணு பேரும் தலையக் குனிஞ்சுகினுதான் வரணும். அப்புறம் வீட்ல போவாதன்னுதான் சொல்லுவாங்க. எங்க வீட்ல சொல்லிட்டாங்க சார். பெரிய பஸ்ஸை எடுத்தீங்கன்னா பஸ்ஸு மட்டும் போகாது, எங்க வேலையும் போயிடும்."

முதலில் கைதட்டியது யார் என்று தெரியவில்லை. அப்புறம் மண்டபம் முழுக்கத் தட்டியது. முசியே தட்டவில்லை. எழுந்து, "என் வீட்டுத் தெரு பக்கம் வராம ஓட்டுங்க. மத்தபடி பெரிய பஸ்ஸே வாங்குங்க" என்றார். அதற்குத்தான் கைதட்டல் கூரையைப் பிய்த்தது. புது முடிவு வரும்வரை சேதராப்பட்டு சாயங்கால வண்டி ஒரு நாளும் நிற்கக் கூடாது என்று அதிகாரி மேடையிலேயே உத்தரவு போட்டார். முதலாளி தலையாட்டித்தான் ஆக வேண்டியிருந்தது.

அன்று சாயங்காலம் உள்ளூர் கேபிள் டிவி செய்தியில் என்னைக் காட்டினார்கள். அத்தை கூட்டிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, டிவிக்கு அருகில் போய் முழுக்கப் பார்த்தார். "எங்க வீட்ல சொல்லிட்டாங்க சார்" என்ற இடம் வந்தபோது நான் அடுப்படிக்குள் போய்விட்டேன்.

"டிவில வர்றவ புடவைய ஒழுங்கா இழுத்து வுட்டிருக்கக் கூடாதா?" என்று டிவி முன்னாலிருந்து அத்தையின் குரல் வந்தது. பொங்கல் வந்தது, போனது. வேலையை விடு என்ற பேச்சையே காணோம்.

அடுத்த வருடம் புதுப் பெரிய பஸ்கள் வந்தன. சேதராப்பட்டுக்கும் ஒன்று. அது கிளம்பும் முதல் நாள் காலையில் பஸ் ஸ்டாண்டில் தேர் இழுக்கிற கூட்டம். மாலை போட்ட வண்டியைப் பார்க்கக் குழந்தைகளோடு குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். லைன் லீடர் ஆகியிருந்த நான் கர்ச்சீப்பைச் சுருட்டிக்கொண்டு முட்டி மோதினேன். ஜன்னலைத் தொடவே முடியவில்லை. இத்தனை நாள் கட்டிக்காத்த மானம் போய்விட்டதே என்று படியேறினேன். உள்ளே அத்தனை சீட்டும் நிறைந்துவிட்ட மாதிரி இருந்தது.

மூன்றாவது ஜன்னலோரத்தில் அத்தை உட்கார்ந்திருந்தார். வீட்டில் ஒரு வார்த்தை சொல்லாமல் எனக்கு முன்னால் கிளம்பி வந்திருக்கிறார். பக்கத்து சீட் காலி. யாரோ ஒரு பெண் அதில் உட்காரப் போக, "ஆளு வருதும்மா" என்று அதட்டிக்கொண்டிருந்தார். அந்த சீட்டின் நடுவில் பச்சைக் கண்ணாடிக் கூடு இருந்தது.

என்னைப் பார்த்ததும் அதைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"எவ்ளோ நேரம்டி சீட்டைப் புடிச்சு வெக்கிறது? வா, வந்து உக்காரு. வேலைக்கு நேரமாவுது."