கட்டம் விழாத முகம்

கொச்சியின் ஜூ டவுனில் பழம்பொருள் விற்கும் அந்தத் தமிழர், எதைக் கையில் கொடுத்தாலும் முதலில் முகர்ந்துதான் பார்ப்பார். நான் விற்கக் கொண்டுபோன பழைய மிரர்லெஸ் கேமராவையும் முகர்ந்தார்.

"இப்ப வர்ற கேமரா பூனையோட கண்ணைக்கூடத் தேடிப் பிடிக்கும். இது மனுஷன் முகத்தையாவது பிடிக்குமா? என்னை எடுங்க சாரே."

எடுத்தேன். முகம் இருக்கும் இடத்தைக் காட்டும் மஞ்சள் கட்டம், திரையில் அவரை விட்டுவிட்டு, பின்னால் நின்ற மரச்சிலையின் முகத்தில் போய் உட்கார்ந்தது. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், மீசையை நீவினார். கட்டம் அசையவில்லை.

எனக்கு வெட்கமாகிவிட்டது. அவருக்கோ உற்சாகம். கடையிலிருந்த சிலைகளை ஒவ்வொன்றாகக் கேமராவில் காட்டச் சொன்னார். கட்டம் விழாதவற்றை ஒரு மூலையில் ஒதுக்கினார்.

"இதுக்கு ஒரிஜினல் எதுன்னு தெரியுது கேட்டோ. டூப்ளிகேட்டைச் சீண்டவே இல்ல."

"முகம் தெளிவா இல்லாததை விட்டுடும், அவ்வளவுதான் சேட்டா" என்றேன். அவர் கேட்கவில்லை.

கடைசியாக இன்னொரு முறை தன்னைக் காட்டச் சொன்னார். கட்டம் விழவில்லை. ஸ்டூலை எடுத்துக்கொண்டு போய், ஒதுக்கிய சிலைகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டார்.

கேமராவை விற்காமலே திரும்பிவிட்டேன். இன்றும் அந்த வழியாகப் போனால், அவர் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார் என்று எட்டிப் பார்க்கிறேன்.