தொப்பி போட்ட போட்டோ

வளைகுடாவில், எங்கள் மங்காஃப் வீட்டில் பத்திரமான இடம் ஒன்றுதான்: பாஸ்போர்ட்டுகள் இருக்கும் ஜிப் பை. நகைகூட சமையலறை டப்பாவில் கிடக்கும். அந்தப் பையைப் பிள்ளைகள் தொட்டால் வீடு இரண்டுபடும். அதனால்தான் என் மென்கோவையும் அதற்குள் வைத்தேன்.

மென்கோ என்பது ஜப்பானியக் குழந்தைகள் தரையில் ஓங்கி அடித்து விளையாடிய தடித்த கார்டு. என்னுடையதில் தொப்பி போட்ட பேஸ்பால் வீரர் ஒருவரின் முகம். அறுபது வருடப் பழசு, ஆனால் ஒரு முனைகூட மழுங்கவில்லை. மூன்று வருடம் தேடி, ஒசாகாவிலிருந்து வரவழைத்தேன். இத்தனைக்கும் பேஸ்பால் ஆட்டம் ஒன்றைக்கூட நான் முழுதாகப் பார்த்ததில்லை. "கிரிக்கெட் கார்டாவது சேர்க்கக் கூடாதா?" என்பாள் மனைவி. ஆசைக்குக் காரணம் கேட்டால் நான் எங்கே போவேன்?

போன மாதம் இகாமா புதுப்பிக்க வேண்டியிருந்தது. அது இல்லாமல் இந்த நாட்டில் குடியிருக்க முடியாது. அலுவலகத்தில் அந்த வேலையைப் பார்ப்பவர் கீழக்கரை பாய் ஒருவர். பையிலிருந்த போட்டோ கவரை அப்படியே அவரிடம் நீட்டிவிட்டு சைட்டுக்குப் போனேன். மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோதுதான் உறைத்தது. கார்டு அந்தக் கவருக்குள்! வளையாமல் இருக்கட்டும் என்று போட்டோக்களுக்கு நடுவே செருகியவன் நானேதான்.

பாயின் வழக்கம் எனக்குத் தெரியும். போட்டோ கைக்கு வந்தால் ஃபாரத்தின் மூலையில் வைத்து ஸ்டேப்ளரால் ஒரே குத்து. ஒரு துளை விழுந்தாலும் கார்டின் கதை முடிந்தது. போன் அடித்தேன், எடுக்கவில்லை. அலுவலகத்துக்கு வண்டியை விரட்டினேன். சொல்ல வெட்கம்தான், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றபோதுகூட நான் அப்படி வண்டி ஓட்டியதில்லை.

அவர் மேசையில் ஸ்டேப்ளர் கிடந்தது. பக்கத்தில், முழுசாக, என் கார்டு.

"சார், தொப்பி போட்ட போட்டோ செல்லாது. அதுவும் இது சின்ன வயசுல எடுத்த மாதிரி இருக்கு. நல்லவேளை, கவருல வேற இருந்துச்சு, அதை அடிச்சிட்டேன்" என்றார். கார்டில் இருந்த முகத்தை அவர் சரியாகப் பார்க்கவே இல்லை போலிருக்கிறது. நான் எந்த வயதிலும் அவ்வளவு அழகாக இருந்ததில்லை.

"பாய், நீங்க நல்லா இருக்கணும்" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். போன உயிர் திரும்பி வந்தது. ஒரு பழைய போட்டோவுக்கு இவ்வளவா என்று அவர் விழித்தார்.

வீட்டுக்கு வந்து, கார்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, மனைவியிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் கடைசிவரை கேட்டாள்.

"அதெல்லாம் சரி, நம்ம இகாமா என்னாச்சு?"

அதைக் கேட்கவே மறந்துவிட்டேன்.