மாடு ஒதுக்கிய தட்டை

ஊரில் அவருக்கு முறைப்பு என்றே பெயர். மக்காச்சோளத்தில் புது ரகம் எடுப்பது பிழைப்பு. பச்சையிலேயே வெட்டி, நறுக்கி, காற்றுப் புகாமல் குழியில் அமுக்கி மூடுகிறார்களே சைலேஜ், அந்த மாட்டுத்தீவனத்துக்கான சோளம். எந்தச் செடி ஆளைவிட உயரமோ அதற்கே உறை மாட்டி மகரந்தம் சேர்ப்பார். எடை நின்றால் போதும் என்பது அவர் கட்சி.

தின்று பார்ப்பது தங்கை வீட்டு மாடுகளின் வேலை. இந்த முறையும் மாடு ஒதுக்கினால் உங்கள் ரகமே வேண்டாம் என்று விதைக் கம்பெனிக்காரர் சொல்லிவிட்டார். பாதி ஆயுசு அதில் போயிருந்தது.

மாடு ஒதுக்கியது. தங்கை புருஷன் பால்பண்ணைக்காரர். அவர் அதை வாயால் சொல்லவில்லை. தொட்டியில் மிஞ்சிய சோளத்தட்டைத் துண்டுகளைத் தினமும் விடிந்ததும் வண்டியில் அள்ளிவந்து மச்சான் வாசலில் கொட்டிவிட்டுப் போனார். பேச்சு நின்றுபோனது. தங்கைதான் இந்தப் பக்கத்துத் திட்டை அந்தப் பக்கம் கொண்டுபோனாள், வழியில் கொஞ்சம் குறைத்து.

குழியைச் சரியாக அமுக்காமல் பூசணம் பிடிக்கவிட்டு என் சோளத்தைக் குறை சொல்கிறானா என்று முறைப்பு பொருமினார். அதை நிரூபிக்கவே ஒருநாள் குவியல் முன்னால் குந்தினார். பூசணம் ஒரு துண்டில்கூட இல்லை. எல்லாம் தடித்த, விறகு போன்ற வெளிர்த் துண்டுகள். கிளறக் கிளற வேறொன்று உறைத்தது. செம்பழுப்பு ஓடிய துண்டு எங்கே?

வயலோரத்தில் ஒரு வரிசை குட்டையாக, நடுநரம்பும் தட்டையும் செம்பழுப்பாக நின்றது. சீக்கு என்று சொல்லி, அதையும் சேர்த்தே வெட்டி அதே குழிக்கு அனுப்பியிருந்தார். அந்த வரிசைக்கு விதைத்தது போக மிஞ்சிய கதிர்களையும் கோழிக்குப் போடச் சொல்லித் தங்கை வீட்டில் வீசியிருந்தார். மாடுகள் அந்தச் செம்பழுப்புத் தட்டையை ஒரு சிம்பு விடாமல் தின்றிருக்கின்றன.

மாட்டுக்கொட்டகையில் போய் நின்றார்.

"என்ன மச்சான், கொட்டினது பத்தலையா?" என்றார் பால்பண்ணைக்காரர், நிமிராமலே.

"அந்தச் செவப்புத் தட்டையோட கதிர் இருக்கா?"

"கோழிக்குன்னு குடுத்தது. கோழிகிட்ட கேளுங்க."

திரும்பிவிடத்தான் கால் எழுந்தது. வயலில் அந்த வரிசையில் விதைக்கு ஒரு செடியும் மிஞ்சவில்லை; திரும்பினால் எல்லாம் போச்சு. நின்றார்.

"குடுத்துத் தொலைங்களேன். இன்னும் எத்தனை நாள் அதைக் காட்டிச் சிரிப்பீங்க?" என்றாள் தங்கை.

உத்திரத்தில் இரண்டு கதிர்கள் தொங்கின. வருகிறவர்களுக்கெல்லாம் 'மச்சானோட சீக்கு' என்று காட்டவே தங்கை புருஷன் கட்டியிருந்தார். முறைப்பு எட்டி அறுத்துக்கொண்டார்.

"நல்ல வார்த்தை ஒண்ணு சொன்னா வாய் கோணிக்குமா?" என்றார் பால்பண்ணைக்காரர்.

"சொல்றேன் மாப்பிள்ளை. உங்க மாட்டுக்கு."

கம்பெனிக்காரரைக் குவியல் முன்னால் குந்தவைத்து, செம்பழுப்புத் துண்டு ஒன்றுகூட மிஞ்சாததைக் காட்டினார். உயரத்தோடு அந்தக் குட்டையைச் சேர்க்கிறேன், பொறுங்கள் என்றார். அவரும் அரை மனதாகத் தலையாட்டினார்.

மறுநாளும் வண்டி வந்து கொட்டியது. முறைப்பு முக்காலியை இழுத்துப் போட்டு, கொட்டினவரை ஒரு முறை முறைத்துவிட்டு, மாடு எதையெல்லாம் ஒதுக்கியிருக்கிறது என்று துண்டுகளைப் பிரிக்கத் தொடங்கினார்.